அது கட்டையன் இல்லை

நீதானம்மா இந்தக் கடைக்காரி? கம்ப்யூட்டருக்குப் பின்னால உக்காந்திருந்தா ஆளு இருக்கறதே தெரியல. நான் போர்டு அடிக்க வரல. சண்ட போட வந்திருக்கேன். நீ உக்காரச் சொன்னாலும் சரி, சொல்லாட்டியும் சரி, எனக்கு மூட்டு வலிக்குது, இந்த ஸ்டூல்ல உக்காந்துக்கிறேன்.

தென்கரையில பால் பூத்து முக்குல நேத்து ஒரு ப்ளெக்ஸ் கட்டியிருக்காய்ங்க. நாய்க்கு. முதலாம் ஆண்டு நினைவஞ்சலி. ரோசாப்பூ மாலை, ரெண்டு பக்கமும் குத்துவிளக்கு, மேல மேகத்துக்குள்ள இருந்து வெளிச்சம் வேற. அடியில ஓரத்துல உன் கட போன் நம்பர் இருக்கு. நீதான அடிச்ச? தலைய ஆட்டுறியே, வெக்கமா இல்ல? சரி, உன்னச் சொல்லி என்ன. கேக்குறவுக இருந்தா நீ அடிக்கத்தான செய்வ. நாளைக்கே எவனாவது வந்து எங்க வீட்டு மிக்சி போயிருச்சு, அதுக்கு ஒரு அஞ்சலி போடுன்னா அதுக்கும் குத்துவிளக்கு வச்சுக் குடுப்ப.

எம் பேரு ராஜாமணி. அந்தப் போர்டுல நீ தேடுனாலும் கெடைக்காது, அதான் வாயால சொல்லி வைக்கிறேன். அந்த வீடு எந் தம்பி வீடு. சௌந்தரபாண்டி. அவன் பொண்டாட்டி கலாவதிதான் உங்கிட்ட ஆர்டர் குடுத்தவ. அவுக மகன் நிர்மலு புனேயில வேல பாக்குறான். அந்த வீட்டுல நாலாவதா ஒரு ஆளு இருக்கு, அது நானு. எங்க வீட்டுக்காரரு தவறுனதுல இருந்து அங்கதான் இருக்கேன். இருவத்தாறு வருசம்.

எனக்கு ரெண்டு விசயம். மொத விசயம், அந்தச் செத்த நாயி ஆஸ்கரு படத்துக்கு மேல சின்னதா ரெண்டு வட்டம் போட்டு முந்திச் செத்த ரெண்டு நாயையும் வச்சிருக்கேல்ல, அதுல இடது பக்கம் கட்டையன்னு பேரு எழுதி ஒரு நாயி இருக்கே, அது கட்டையன் இல்ல. எவன் வீட்டு நாயோ. ரெண்டாவது, எம் பேரு ஏன் இல்லங்கறது. அந்த ரெண்டாவது விசயத்துக்காக நான் வரல, அத நெனப்புல வச்சுக்க. மொத விசயத்துக்குத்தான் வந்தேன்.

நீ அந்த வாசகத்தப் படிச்சியா? தட்டுனவ நீதான், இருந்தாலும் படிச்சியா? 'எங்களை ஆறாத் துயரில் ஆழ்த்திச் சென்ற எங்கள் செல்ல மகன் ஆஸ்கர்.' மகனாம். அடியில, அப்பா சௌந்தரபாண்டி, அம்மா கலாவதி, அண்ணன் நிர்மல், புனே. நாய் செத்ததுக்கு அவன் இருக்குற ஊரு எதுக்கு அங்க? ரோட்டுல போறவுக வாரவுகளுக்கு மகன் வெளியூர்ல பெரிய வேலையில இருக்கான்னு தெரியணும். துக்கத்துலயும் ஒரு பவுசு. நல்ல வேள, என்ன படிச்சிருக்கான்னு போடல.

காலையில பால் வாங்கப் போனேன். பூத்துக்காரி சிரிக்கிறா. 'என்னக்கா, ஒங்க வீட்டுல பையன் தவறிட்டானாமே, சொல்லவே இல்ல'ங்கறா. அவ சிரிச்சது எனக்குப் பெருசில்ல. சிரிக்க வேண்டிய காரியத்தப் பண்ணிட்டு எதிராளி வாயப் பொத்த முடியாது. அடுத்து ஒண்ணு கேட்டா பாரு. 'வீட்டுல எல்லாரு பேரும் இருக்கே, ஒங்க பேரு மட்டும் இல்ல. நீங்க அங்கதான இருக்கீக?' அப்படின்னு கேட்டா. பாக்கெட்ட வாங்கிக்கிட்டு வந்துட்டேன். இருவத்தாறு வருசம் சோறு பொங்குன வீட்டுல நான் யாருன்னு பால் விக்கிறவ கேக்குறா. அது எனக்கு வலிச்சுச்சு. வலிக்கலன்னு பொய் சொல்ல மாட்டேன்.

ஆனா நான் வந்தது கட்டையனுக்காக.

எங்க வீட்டுக்காரரு மாந்தோப்புக் காவலுக்கு இருந்தாரு. சோத்துப்பாறைக்குப் போற வழியில, உனக்குத் தெரியாது, இப்ப அதெல்லாம் பிளாட்டு போட்டுட்டாய்ங்க. கட்டையன் அந்தத் தோப்பு நாயி. காலு நாலும் கட்ட, ஒடம்பு மட்டும் நீளம். செவல நெறம். இடது காது பாதி இருக்காது. காட்டுப்பன்னி கிழிச்சதுன்னு அவரு சொல்லிக்கிட்டுத் திரிவாரு. நான் நம்புனதில்ல. தூங்கும்போது பெருச்சாளி கடிச்சிருக்கும். அம்புட்டு சூரன் அது. மாங்கா திருட வாரவுகளப் பாத்து வால ஆட்டும். அவரும் லேசுப்பட்டவரு இல்ல. களவாங்க வந்த பொம்பளைகிட்ட, 'பச்சக் காய ஒடிக்காத தாயி, பழமாப் பாத்து எடுத்துக்க'ம்பாரு. அந்தத் தோப்புக்காரன் ஏமாளி, இவுக ரெண்டு பேரையும் வச்சிருந்தான்.

ஒரு நாளு நெஞ்சு வலிக்குதுன்னு உக்காந்தாரு. அம்புட்டுத்தான்.

சாவு வீட்டுல நாயி பட்டினி கெடக்கும், வாசல்ல படுத்து அழுகும்னு ஊருல கத சொல்லுவாகல்ல? எங்க கட்டையன் என்ன பண்ணுச்சு தெரியுமா? வந்தவுக குடிச்சுட்டு வச்ச காப்பி டம்ளர ஒண்ணொண்ணா நக்கிக்கிட்டுத் திரிஞ்சுச்சு. அவரத் தூக்குறாக, நான் மண்ணுல விழுந்து கெடக்கேன், அது பந்தலுக்கடியில நெழலப் பாத்துத் தூங்குது. நாயி நன்றியுள்ளதுன்னு பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுக்குறாய்ங்களே, அந்தப் புஸ்தகம் எங் கையில கெடச்சா கிழிச்சுப்போடுவேன்.

எந் தம்பி மட்டும் என்னவாம்? கூடப் பொறந்தவன். அவன் கண்ணுல அன்னைக்கு ஒரு சொட்டுத் தண்ணி வரல. பந்தக்காரன்கூடப் பேசிக்கிட்டு நின்னான், ஐஸ் பெட்டிக்கு ஓடுனான், அய்யரத் தேடுனான், வந்தவுகளுக்குச் சாப்பாடு சொன்னான், மூணு நாளு வேட்டி மாத்தல. அழுகல. அதே ஆளு போன வருசம் ஒரு நாய்க்கு தரையில உருண்டு அழுகுறான். அறுவத்திமூணு வயசுல. நான் பாத்துக்கிட்டே நின்னேன்.

பதினாறு முடிஞ்சதும் கார் எடுத்துக்கிட்டு வந்தான். 'வாக்கா, வீட்டுக்குப் போவம்'னான். என் தகரப்பெட்டிய ஏத்தியாச்சு. கட்டையன் ரோட்டுல நின்னு வேடிக்க பாக்குது. கலாவதி கார்ல இருந்து எறங்கி, 'நாயையும் ஏத்துங்க'ன்னா. நான் கேக்கல. யாருமே கேக்கல. அவளாச் சொன்னா. சாமர்த்தியத்தப் பாத்தியா? அடுப்படிக்கு ஒரு நாத்தனா, வாசலுக்கு ஒரு நாயி, ரெண்டையும் ஒரே கார்ல கொண்டு போயிட்டா. அன்னைக்கே எனக்குத் தெரியும் இவ எப்பேர்ப்பட்டவன்னு. வழியில அது அவ பட்டுச் சீலையில வாந்தி எடுத்துச்சு. அவ சன்னல எறக்கிவிட்டு, அது தலையப் புடிச்சு காத்துல காட்டிக்கிட்டு வந்தா. நடிப்பு. நானா இருந்தா எறக்கி விட்டிருப்பேன்.

ஆறு வருசம் இருந்துச்சு கட்டையன். வாசக்காவலுக்கெல்லாம் லாயக்கில்ல, எங் கட்டிலுக்கடியிலதான் கெடக்கும். வெரட்டுனாலும் போகாது. அதுக்கும் அந்த வீட்டுல வேற போக்கில்ல. ஒரு நாளு காலையில பாத்தா வெறச்சுக் கெடந்துச்சு. எந் தம்பி கொல்லையில முருங்கமரத்துப் பக்கம் குழி வெட்டுனான். நான் அழுகல. அவருக்கு அழுததே போதும், நாய்க்கு எங்க போயி மிச்சம் வைக்க? கலாவதிதான் மூக்க மூக்க உறிஞ்சிக்கிட்டு நின்னா. அது அவளுக்கு என்ன ஒறவு? எங்க வீட்டுக்காரரு வளத்த நாயி. அதுக்கு அவ எதுக்கு அழுகணும், சொல்லு.

அடுத்தது ஜூலி. போர்டுல வலது பக்கம் வெள்ளையா சட போட்டு ஒண்ணு இருக்கே, அது. நிர்மலு பத்தாவது பாஸ் பண்ணுனதுக்கு வாங்குனாய்ங்க. வேற பிள்ளைகளுக்கு சைக்கிள் வாங்கித் தருவாக. ஜூலிக்கு ஸ்வெட்டரு. பெரியகுளத்து வெயில்ல ஸ்வெட்டரு. பொறந்த நாளுக்கு கேக்கு. கேக்குல மெழுகுவத்தி வச்சு ஊதச் சொல்றாய்ங்க, அது மெழுகுவத்திய முழுங்கிட்டு ரெண்டு நாளு வயித்தால போச்சு. யாரு கழுவுனா? அண்ணன் நிர்மலா கழுவுனான்? 

அந்த ஜூலி பதினோரு வருசமும் என்னயப் பாத்துக் கொலச்சுச்சு. அதுக்குத் தனியா கொழையச் சோறு வடிச்சு, ஈரல அவிச்சு, ஆறவச்சு வைக்கிறவ நானு. தின்னு முடிச்சு வாய நக்கிட்டு, தலைய நிமித்தி எம் மூஞ்சியப் பாத்து நாலு கொலப்புக் கொலைக்கும். தீபாவளிக்கு வேட்டுச் சத்தம் கேட்டா மட்டும் எஞ் சீலைக்குள்ள வந்து பூந்துக்கும். நான் ஒரு கதவையும் தெறக்காம உக்காந்திருப்பேன், எனக்கும் வேட்டுச் சத்தம் ஆகாது பாரு. கடைசியில கண்ணு ரெண்டும் போயிருச்சு அதுக்கு. அதுக்கப்புறம் அந்த வீட்டுல நாக்காலி, டீப்பாயி எதையும் எடம் மாத்தி வைக்க நான் விடல. முட்டிக்கிட்டா கத்தும். எனக்குத் தலைவலி. கலாவதி இத எல்லார்கிட்டயும், 'எங்க அண்ணி ஜூலியக் கண்ணுக்குள்ள வச்சுப் பாத்துக்கிட்டாக'ன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சா. தலைவலிக்கும் பாசத்துக்கும் வித்தியாசம் தெரியாதவ.

ஆஸ்கரு வந்தது நிர்மலு வேலைக்குக் கெளம்புனப்ப. தான் போறான்ல, அப்பா அம்மாவுக்குத் தொணைன்னு ஒரு லேப்ரடார் குட்டிய வாங்கி விட்டுட்டுப் போயிட்டான். அன்னைக்கு ஆரம்பிச்சதுதான் இந்த அப்பா அம்மா கூத்து. 'அப்பாகிட்ட போ, அம்மாகிட்ட வா, அம்மாவுக்கு முத்தம் குடு.' அறுவது வயசுக் கெழவனும் கெழவியும். பெத்த மகன் வாரம் ஒருக்கா ஞாயித்துக்கிழம போன்ல பேசுவான், இவுக ரெண்டு பேரும் அந்தப் போன எடுத்து நாய் காதுல வச்சு 'அண்ணன்கிட்ட பேசு'ம்பாய்ங்க. அது கொட்டாவி விடும். எனக்கு அந்த வீட்டுல ஒத்துப்போன ஒரே கருத்து அந்தக் கொட்டாவிதான்.

நல்லா வளந்துச்சு. வளந்துச்சுன்னா, எருமக்கன்னு மாதிரி. ஒரு நாளு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனாய்ங்க. அவன் சின்னப் பய, கழுத்துல குழாயப் போட்டுக்கிட்டு, எட கூடிப்போச்சு, சுகர் இருக்கு, சோறு கூடாது, இனிப்பு கூடாது, பொறை ரொட்டி கூடாதுன்னுட்டான். பிரிட்ஜுல ஒரு பேப்பர் ஒட்டிட்டாய்ங்க, எந்நேரம் என்ன திங்கணும்னு. கேரட்டு, பூசணிக்கா. ஏம்மா, நாயி பூசணிக்கா திங்குமா? எங்க கட்டையன் செத்த எலியத் தின்னுட்டு பதினாலு வருசம் இருந்துச்சு.

சாயந்திரம் நாலு மணிக்கு அந்த ஆஸ்கரு எங் கட்டில்கிட்ட வந்து நிக்கும். ஒண்ணும் கேக்காது. மோவாயத் தூக்கி மெத்தையில வச்சுக்கிட்டுப் பாக்கும். அந்த வீட்டுல நாலு மணிக்கு என்னயத் தேடி வந்து பாக்குறது அது ஒண்ணுதான். நான் என்ன பண்ண? டீக்கடையிலருந்து பொறை வாங்கி வச்சிருப்பேன். ஒண்ணு குடுப்பேன். சில நாளு ரெண்டு. சரி, பாக்கெட்டுன்னே வச்சுக்க, உங்கிட்ட என்ன மறைக்க. அவ பூசணிக்காயத் தட்டுல வச்சுக்கிட்டு, 'ஆஸ்கர், அம்மாகிட்ட வாடா'ன்னு கெஞ்சிக்கிட்டு நிப்பா. அது வாய மூடிக்கிட்டு எம் பக்கம் திரும்பிப் பாக்கும். எனக்கு அதுல ஒரு சந்தோசம் இருந்துச்சு. ஆமா, இருந்துச்சு. 

கிட்னி போயிருச்சுன்னான் டாக்டரு. பொறையினாலயா போச்சு? அவனுக்கு என்ன தெரியும்? கடைசி நாளு கலாவதி மடியில படுத்திருந்துச்சு. 'அண்ணி, பக்கத்துல வாங்க, உங்களத்தான் தேடுது'ன்னா. நான் கதவுகிட்டயே நின்னுக்கிட்டேன். தரையில உக்காந்தா எனக்கு எந்திரிக்க வராது, மூட்டு வலி. அது எம் பக்கம் பாத்துக்கிட்டே இருந்துச்சு. அப்புறம் பாக்கல.

நாலு நாளு கழிச்சு கலாவதி மெத்தையெல்லாம் வெயில்ல போடுறேன்னு எம் மெத்தையத் தூக்குனா. அடியில பொறை கவரு. பத்து இருக்கும், பதினஞ்சு இருக்கும். நான் அங்கதான் நிக்கிறேன். அவ ஒவ்வொண்ணாப் பொறுக்கி, கசக்கி, குப்பைக் கூடையில போட்டா. மெத்தையத் தூக்கிக்கிட்டு மாடிக்குப் போயிட்டா. ஒரு வார்த்த கேக்கல. அவ கேட்டிருந்தா நானும் நாலு வார்த்த பேசி, அவளும் அழுது, நானும் அழுது, அன்னைக்கோட முடிஞ்சிருக்கும். கேக்காம விட்டா பாரு, அதுதான் அவ வெசம். ஒரு வருசம் மனசுக்குள்ள வச்சிருந்து, நாயக் கொன்னவளுக்கு நாய் போர்டுல எடமில்லன்னு ஊரு பாக்கப் பழி தீத்துட்டா. இப்பப் புரியுதா உனக்கு, எம் பேரு ஏன் இல்லன்னு?

என்ன கேக்குற? எங்கிட்ட கேக்கலையாவா?

கேட்டா. கேக்காம இல்ல. போன வாரம் பேப்பரும் பேனாவுமா உக்காந்துக்கிட்டு, 'அண்ணி, உங்க பேர மொதல்ல போடவா'ன்னா. நான் சொன்னேன், 'நாய் போர்டுல எம் பேரு வந்துச்சு, அந்தப் போர்டக் கிழிச்சு அடுப்புல வச்சுருவேன்'னு. சொன்னேன். இல்லங்கல. அதுக்காக? வேணாம்னு சொன்னா விட்டுர்றதா? வீட்டுக்கு வந்தவுகளக் காப்பி சாப்புடுறீகளான்னு கேட்டா மொதல்ல வேணாம்னுதான் சொல்லுவாக. உடனே அடுப்ப அமத்திட்டு எதிர்ல வந்து உக்காந்துக்கிருவமா? ரெண்டாவது தடவ கேக்கணும். மூணாவது தடவ கையப் புடிச்சுக் கேக்கணும். அதுதான மரியாத? கலாவதி ஒரே தடவ கேட்டா. 'சரிங்கண்ணி'ன்னா. பேனாவால ஒரு கோடு. முடிஞ்சு போச்சு.

கட்டையன் போட்டாவும் அப்படித்தான். 'அண்ணி, கட்டையன் படம் எதாச்சும் இருக்கா?' 'அதுக்கென்ன கல்யாணமா காச்சியா, படம் எடுத்து வைக்க'ன்னேன். 'அப்ப நெட்டுல எதாச்சும் பாத்துக்கிறேன்'னுட்டா. பெட்டிக்குள்ள பாருங்கண்ணி, நல்லாத் தேடிப்பாருங்கண்ணின்னு ஒரு வார்த்த சொன்னாளா? எங்கேயோ இருக்குற நாயி, ரெண்டு காதும் முழுசா நட்டுக்கிட்டு, கழுத்துல பட்ட கட்டி, போலீஸ் நாயி மாதிரி நிக்குது. அதுக்குக் கீழ கட்டையன்னு எழுதியிருக்கு. எங்க வீட்டுக்காரரு பாத்தாருன்னா சிரிச்சே செத்திருப்பாரு.

நான் பேசிக்கிட்டு இருக்கேன், நீ அதுல என்னத்தத் தேடுற?

இங்கிட்டுத் திருப்பு. இரு, கண்ணாடியப் போட்டுக்கிறேன். என்னது இது, அதே போர்டுதான? எங்கிட்டக் கேக்குறதுக்கு முந்தியே அவ குடுத்ததா? மாத்துறதுக்கு முந்தியா?

அத்தை ராஜாமணி.

மொத வரியில போட்டிருக்கு. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் மேல. இம்புட்டுப் பெரிய எழுத்து எதுக்கு? அவதான் பெருசாப் போடச் சொன்னாளா? ம். என்னமோ அவ போன்ல பேசி அனுப்புன வாய்ஸ் வந்துச்சுங்கறியே, அதப் போடு. எனக்குக் காது சரியாக் கேக்காது, சத்தமா வை.

கலாவதி குரலுதான். 'மேடம், எங்க அண்ணி பேர எடுத்துருங்க, அவுகளுக்குப் பிடிக்கல. அவுகளச் சங்கடப்படுத்த வேணாம். ஆஸ்கருக்கு அவுகன்னாத்தான் உசுரு, பேரு இருந்தா எனக்கு மனசுக்கு நல்லாருக்கும். பரவால்ல, எடுத்துருங்க. அந்த எடத்துல வேற பேரு மட்டும் போடாதீங்க. வெறுமனே இருக்கட்டும்.'

இன்னொரு தடவ வை.

நானும் பாத்தேன், அப்பா பேருக்கு மேல ஒரு வரி எடம் சும்மாக் கெடந்துச்சு. வேல தெரியாதவ எவளோ அடிச்ச போர்டுன்னு நெனச்சேன். உன்னத்தான் திட்டுனேன். தண்ணி இருக்கா? ஒண்ணுமில்ல, இந்த வெயில்ல நடந்து வந்தது.

பேச்சு மட்டும் நல்லாப் பேசுவா. பேச்சுக்கு எப்பவும் கொறச்சல் இல்ல அவகிட்ட. பொறை கவரப் பாத்தவ, ஆஸ்கருக்கு அவுகன்னாத்தான் உசுருங்கறா. இந்த மாதிரி ஆளுகூட எப்படிச் சண்ட போடுறது? இருவத்தாறு வருசமா ஒரு சண்ட ஒழுங்கா முடிஞ்சதில்ல.

இந்தா, இந்தக் கவரப் பிரி. மெதுவா. வெரல் படாம ஓரத்தப் புடி. ஒரே ஒரு படம்தான் இருக்கு, காப்பி கெடையாது. தோப்புக்காரன் மகன் புதுசா கேமரா வாங்குனப்ப எடுத்தது. பெட்டியில சீலைக்கடியில வச்சிருந்தேன். அந்த வீட்டுல யாரும் பாத்ததில்ல. நான் காட்டல.

இதுதான் கட்டையன். காதப் பாரு. நிக்கிறானா உக்காந்திருக்கானான்னு தெரியுதா? நிக்கிறான். அம்புட்டுத்தான் ஒசரம். வாய்க்குள்ள மாங்கொட்டைய வச்சுக்கிட்டு போட்டாவுக்கு நிக்கிறான், வெக்கங்கெட்டவன். பக்கத்துல குத்தவச்சு உக்காந்திருக்கறவரா? அது அவரு. அவரு சிரிச்சு எடுத்த படம் இது ஒண்ணுதான். கல்யாணப் படத்துல பாத்தா யாரையோ அடிக்கப் போற மாதிரி நிப்பாரு.

தெரியும். வட்டத்துக்குள்ள நாயி மட்டும்தான் வரணும். அவர வெட்டணும், கம்ப்யூட்டர்லதான வெட்டுவ, இதுல கத்திரி வைக்க மாட்டேல்ல? வெட்டு. அவருக்கு நாய் போர்டுல என்ன வேல. நான் பாத்துக்கிட்டு இருக்கேன், நீ வெட்டு.

நிப்பாட்டு. அந்தக் கை வருதுல்ல, கட்டையன் கழுத்துல வச்சிருக்கற கை. அத என்ன பண்ணுவ? அழிச்சுட்டா பளிச்சுன்னு இருக்குமா? பளிச்சுன்னு இருக்க வேணாம். கை இருக்கட்டும். யாரு கைன்னு பாக்குறவுக கேட்டா கேட்டுட்டுப் போறாய்ங்க.

ஞாயித்துக்கிழமைக்குள்ள புதுசா அடிச்சுக் குடுத்துரு. அன்னைக்குத்தான் தெரு நாய்களுக்கெல்லாம் கறிச்சோறு போடப் போறாளாம், அது ஒரு கேடு. நாந்தான் வடிக்கணும். நான் இங்க வந்ததக் கலாவதிகிட்ட சொல்லாத. படம் மாறிப்போச்சு, நாங்களே மாத்திக் குடுக்குறோம்னு சொல்லிரு. கட்டையன் படம் எப்படிக் கெடச்சுச்சுன்னு கேட்டா, நீயே எதாச்சும் சொல்லு. பொய் சொல்லத் தெரியாதா உனக்கு, செத்த நாய்க்கு மேகத்துல வெளிச்சம் போடுறவளுக்கு?

அந்த வெறும் எடத்துலயா? எம் பேரா?

ச்சே, வேணாம்மா. நாய் போர்டுல எனக்கு எதுக்குப் பேரு? பூத்துக்காரி இன்னும் நல்லாச் சிரிப்பா. மூணு நாய்க்கும் சோறு வடிச்சேன், அதோட சரி. அத்தையாம் அத்த. வேணாம், அது அப்படியே இருக்கட்டும்.

என்ன, அந்தப் பக்கம் திரும்பிட்ட? இன்னொருக்கா கேளு.